பாதிக்கல்லுக்கு அங்கிட்டு

"மாட்டுடா," என்றார் சீனிப்பாய் நாலாவது தடவையாக, புதுப் பில்டரை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு. கண்மாய்க் கருவேலத்தைக் குத்தகை எடுத்தவர் அவர், மரம் அறுக்கிற அவருடைய மிஷின் என் மடியில் இருந்தது. அதன் முதுகு மூடியைக் கழற்றி வைத்திருந்தேன், பில்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை கறுப்பாகத் திறந்து கிடந்தது. அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. ஒரு மாதமாக எந்த ஊர் பில்டரை மாட்டாதே மாட்டாதே என்று என் தாடையைப் பிடித்துக் கெஞ்சியதோ, அதே ஊர் இப்போது மாட்டு மாட்டு என்றது. வைகையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாளை மறுநாள் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிடும், சீமைக்கருவேலத்தை முழுசாக அறுத்து வெளியே போடாத கண்மாய்க்கு மடையைத் திறக்க மாட்டோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்பது வருஷமாகத் தண்ணீர் பார்க்காத கண்மாய். ஊர் சொல்வது நியாயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை.

"ரெண்டு பிஸ்டன் மாத்தியாச்சு," என்றார் பாய். "சிலிண்டர்ல கோடு கோடா விழுந்து கெடக்கு. இன்னொரு வாட்டி புழுதி உள்ள போச்சுன்னா ஒட்டிக்கிரும், பொறகு இது மிஷின் இல்ல, கடப்பாரை. பரமக்குடி மெக்கானிக் சொன்னப்ப நீயும்தானே நின்ன?"

நானும்தான் நின்றேன். மெக்கானிக் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால் எதிர்த்து இழுக்க உள்ளே ஆள் இல்லாத மாதிரி கயிறு சும்மா வந்தது.

பில்டர் விஷயத்தில் எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம். பத்தாவதில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கி நின்றவன் நான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை, நானும் அதற்கு ஒத்துவரவில்லை. ஆனால் எஞ்சினுக்குள் புழுதி போகாமல் காப்பது எனக்குத் தெரியும். மிஷினோடு வருகிற நைலான் வலை மரத்தூளை நிறுத்தும், எங்கள் கண்மாய்ப் புழுதியை நிறுத்தாது. எங்கள் புழுதி முகப்பவுடரைவிட மெலிசு, கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே தெரியாது. அதனால் வலைக்கு மேலே டிராக்டர் கடையில் வாங்கிய நுரைப்பஞ்சை வெட்டி, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, சட்டை மாதிரி மாட்டுவேன். விளிம்பில் கிரீஸ் தடவுவேன், பக்கவாட்டில் காற்று திருட்டுத்தனமாக நுழையக் கூடாது என்று. சாயங்காலம் கழற்றி உள்ளங்கையில் தட்டுவேன், வெளியிலிருந்து ஊத மாட்டேன், ஊதினால் புழுதி இன்னும் உள்ளே போகும். பெட்ரோலில் அலசி நிழலில் காயப்போடுவேன். என்னோடு விறகு அடுக்குகிற வழிவிட்டான் அண்ணன், "பொண்டாட்டி தலைக்குக்கூட எவனும் இப்படி எண்ணெய் வைக்க மாட்டான்டா கருமலை," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். மூன்று கண்மாய் அறுத்து முடித்த மிஷின் அது, ஒரு நாள் இருமியது கிடையாது.

எங்கள் ஊர்க் கண்மாயில் இறங்கிய ஆறாம் நாள் ஒரு கருவேல முள் பஞ்சையும் வலையையும் சேர்த்துக் குத்திவிட்டது. எப்போது குத்தியது என்று தெரியாது. நான் ஒரு மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு விசையிலிருந்து விரலை எடுத்தேன், எஞ்சின் மெதுவாக ஓட ஆரம்பித்தது, ஓடிக்கொண்டே, "எம்மா, கொழம்புல உப்பே இல்ல, இருந்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு, அடுத்த வருசம் வந்து ஒரு சட்டி திம்பேன்," என்றது.

அது முருகபூபதியின் குரல். மலேசியாவுக்குப் போய் நாலு வருஷமாகப் போனும் இல்லாமல் கடிதாசியும் இல்லாமல் காணாமல் போனவன். குரலுக்குள் ஒரு நடுக்கம் இருந்தது, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு இருக்குமே, அப்படி. மற்றபடி அவனேதான். வழிவிட்டான் அண்ணன் கையில் இருந்த விறகைக் கீழே போட்டுவிட்டு, "இருளாயி அக்காவைக் கூட்டிட்டு வாரேன், நீ ஆஃப் பண்ணாத," என்று சொல்லி ஓடினார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது. தார் ரோடு போடுவதற்கு முன்னால் ஊரைவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் கண்மாய்க்கு உள்ளே நடந்துதான் அந்தக் கரைக்குப் போய் பஸ் ஏறுவார்கள். கண்மாயின் நடுவில் ஒரு கல் உண்டு, அதற்குப் பாதிக்கல் என்று பெயர். வழியனுப்ப வருகிறவர்கள் அந்தக் கல்லோடு நின்றுவிட வேண்டும், தாண்டக் கூடாது. போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, என்ன சொன்னாய் என்று திரும்பக் கேட்கவும் கூடாது, கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். ஆனால் போகிறவர்கள் சும்மா போவார்களா? கல்லைத் தாண்டிய பிறகுதான் எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வரும், திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே எதையாவது கத்திச் சொல்வார்கள். பாதியைக் காற்று எடுத்துக்கொள்ளும், மீதியை பஸ் ஹாரன் எடுத்துக்கொள்ளும். நிற்கிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கையைத் தூக்கிச் "சரி" என்பார்கள். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு "சரி" கிடக்கிறது, எதற்குச் சொன்னோம் என்று தெரியாத சரி.

முருகபூபதியின் அம்மா இருளாயி அத்தை தலையில் கட்டிய துணியோடு ஓடிவந்தாள். நான் அதே இடத்தில் இன்னொரு கிளையை அறுத்தேன், முருகபூபதி மறுபடியும் உப்பில்லாத குழம்பைப் பற்றிச் சொன்னான். மூன்றாம் தடவை குரல் மங்கிவிட்டது, நாலாம் தடவை வெறும் எஞ்சின். அந்த இடத்துப் புழுதியில் அவன் கத்தியது அவ்வளவுதான் இருந்தது. அத்தை அழவில்லை. "உப்புப் போட்டேனேடா," என்று மிஷினிடம் சொன்னாள். "நீ வாயைக் கொப்புளிக்காமத் தின்ன."

மறுநாள் காலையில் கரையில் நாற்பது பேர் நின்றார்கள். யாரும் இது என்ன அதிசயம் என்று கேட்கவில்லை, எப்போது எங்கள் முறை வரும் என்றுதான் கேட்டார்கள். அம்மன் கோயிலில் கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்தார்கள், காலையில் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் செத்துப்போனவர்கள், அதற்குப் பிறகு வெளியூர் போனவர்கள், வெயில் ஏறிய பிறகு வெளியே தெரியக் கூடாத விஷயம் உள்ளவர்கள், அந்த நேரத்தில் மற்ற எல்லாரும் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொள்ள வேண்டும். புழுதியில் யாரும் எச்சில் துப்பக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது, எஞ்சின் பேசும்போது சத்தமாக அழக் கூடாது, ஏனென்றால் அடுத்தவனுக்குக் கேட்காது. பெண்கள் சுண்ணாம்புக் கிண்ணத்தோடு வந்து, என் மகன் இந்த இடத்தில்தான் செருப்பு வாரை இழுத்துவிட்டான், என் வீட்டுக்காரர் இந்த இடத்தில்தான் துண்டை உதறினார் என்று மரத்துக்கு மரம் புள்ளி வைத்தார்கள். டீக்கடை கரைக்கு வந்துவிட்டது. போனில் பதிவு செய்தவர்களுக்கு வெறும் எஞ்சின் சத்தம்தான் கிடைத்தது, அதையும் மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்பிவைத்தார்கள், அங்கே இருந்தவர்கள் அதையும் கேட்டார்கள்.

பெரிதாக ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால். போகிறவர்கள் யாரும் பெரிய பேச்சு பேசவில்லை. ஆட்டுக்குக் குழை வெட்டிப் போடு, கூரையில் சாக்கைக் கழற்றாதே, என் சட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதே. தபால்காரருடைய அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், "இவனப் பெத்ததுக்கு ரெண்டு கெடாயை வளத்துருக்கலாம்," என்று சொல்லியிருந்தார், அதைக் கேட்டுத் தபால்காரர் இரண்டு நாள் சிரித்துக்கொண்டே தபால் கொடுத்தார், அப்பா அப்படித்தான் பேசுவார், ஏழு வருஷமாக வேறு யாரும் அவரை அப்படித் திட்டவில்லை. ஒரு பெண்ணுடைய புருஷன், உன் தங்கச்சியைத்தான் எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான், அவள் அதற்குச் சரி என்று கையைக் காட்டியிருக்கிறாள். அவள் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை, நாலாம் நாள் வந்து, "இன்னொரு தடவை போடுப்பு, சரியாக் கேக்கல," என்றாள்.

பில்டரில் பொத்தல் பெரிதாக இருந்தால் குரல் தெளிவாக வந்தது. அதனால் முதலில் பஞ்சை எடுக்கச் சொன்னார்கள், பிறகு வலையையும் எடுக்கச் சொன்னார்கள். நான் எடுத்தேன். மூன்று கண்மாயில் பொத்திப் பொத்திக் காத்த எஞ்சினுக்கு என் கையாலேயே வாயைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற சத்தம் எனக்குக் கேட்டது, வேறு யாருக்கும் கேட்கவில்லை. மரம் வேகமாக அறுபடுகிறது, ஊர்க்காரர்களே முள்ளை இழுத்துப் போடுகிறார்கள் என்று சீனிப்பாயும் முதலில் பேசாமல்தான் இருந்தார். நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று கேட்டால், ஊருக்காக இல்லை. எனக்கும் ஒரு சரி இருந்தது.

பூமயில் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். பன்னிரண்டாவதில் ஊரிலேயே அதிக மார்க், நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்றாள். அப்பா மாப்பிள்ளை பார்த்தார். ஒரு நாள் மத்தியானம் அவள் ஒரு துணிப்பையோடு கண்மாய்க்குள் இறங்கினாள், எனக்குப் பன்னிரண்டு வயது, பின்னாலேயே ஓடினேன். பாதிக்கல்லில் என்னைத் திரும்பிப் பார்த்து, "பொடியா, பின்னாடி வராதடா, கல்லோட நில்லு," என்றாள். நின்றேன். அப்போது இவ்வளவு கருவேலம் கிடையாது, அவள் போவது கடைசி வரைக்கும் தெரிந்தது. அந்தக் கரைக்குப் பக்கத்தில் நிற்கிற மொட்டைப்பனையிடம் போனபோது முதுகைக் காட்டிக்கொண்டே ஏதோ கத்தினாள், நீளமாகச் சொன்னாள், பஸ் ஹாரன் அடித்தது. நான் கையைத் தூக்கி, "சரிக்கா," என்றேன்.

அவள் எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் சொன்னது. தனியாகத்தான் போனாள், நான் பார்த்தேன் என்று நான் சொன்னேன், சின்னப் பையன் பேச்சை யார் கேட்கிறார்கள். எனக்கு ஒரே பிள்ளைதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது. அவளும் வரவில்லை, ஒரு போன் இல்லை, எனக்குக்கூட இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற இடத்தில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் அது அவள் இல்லை என்றார். இப்போது எனக்கு அவள் போனபோது இருந்த வயது. சாப்பிடும்போது, மிஷினுக்கு எண்ணெய் கலக்கும்போது, என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். நல்லாப் படி என்று சொல்லியிருந்தால் படித்திருக்க மாட்டேன், ஆனால் சொன்னாள் என்று தெரிந்திருக்கும்.

கோயிலில் முறை எழுதியபோது நான் அவள் பெயரைக் கொடுக்கவில்லை. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எப்படியும் மொட்டைப்பனைப் பக்கம்தான் கடைசியாக அறுக்கப் போகிறோம், அறுக்கும்போது யாருக்கும் சொல்லாமல் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது, புதுப் பில்டரும் வந்துவிட்டது.

"ஏப்பு, மாட்டுப்பு," என்றாள் இருளாயி அத்தை. "தண்ணி வரட்டும். எல்லாரும் கேட்டாச்சுல்ல."

"நல்ல பில்டருடா," என்றார் பாய், கொஞ்சம் இறங்கி வந்து. "மதுரையில சொல்லி வாங்குனது. கம்பளி மாதிரி இருக்கு பாரு, பவுடரையே நிறுத்தும். நீ கேட்டதுதானே இது?"

போன வருஷம் நான்தான் கேட்டேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். அருமையான பில்டர். விளிம்பில் ரப்பர் வைத்து, கிரீஸே தேவையில்லாத மாதிரி செய்திருந்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருப்பேன்.

"இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்கு," என்றேன்.

"யாருடா பாக்கி?"

அப்பா கூட்டத்தில் நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "பூமயில் அக்கா."

ஆறு வருஷத்தில் அந்தப் பெயரைச் சத்தமாக ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மறு தோளில் போட்டார், பிறகு திரும்பி ஊரைப் பார்த்து நடந்தார். கரையின் மேல் அம்மா நின்றாள். ஒரு மாதமாக விறகு பொறுக்குகிற சாக்கில் தினமும் அங்கே வந்து நின்றவள், ஒரு நாளும் கீழே இறங்கி வரவில்லை, அன்றைக்கும் இறங்கவில்லை.

"சொன்னதைச் செய்டா," என்றார் பாய். ஆனால் முன்னால் மாதிரி இல்லை, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

வழிவிட்டான் அண்ணன் என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். "கயித்த இழு," என்றார்.

நான் புதுப் பில்டரைத் துணியில் சுற்றிப் பாதிக்கல்லின் மேல் வைத்துவிட்டு, ஓட்டை திறந்தபடியே கயிற்றை இழுத்தேன், பதினான்கு தடவை இழுத்த பிறகு மிஷின் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தது, அதைத் தூக்கிக்கொண்டு கல்லிலிருந்து பஸ் ரோட்டை நோக்கி, அவள் நடந்த நேர்கோட்டில், மரத்துக்கு மரம் அறுத்துத் தள்ளிக்கொண்டு போனேன், பின்னால் ஊர் வந்தது, முள்ளை இழுக்கவில்லை, சும்மா வந்தது. கல்லுக்குப் பக்கத்திலேயே, "பொடியா, பின்னாடி வராதடா, கல்லோட நில்லு," என்றது மிஷின். எனக்குக் கால் நின்றுவிட்டது. அண்ணன் முதுகில் கை வைத்துத் தள்ளினார். அதற்குப் பிறகு எட்டு மரம் வரைக்கும் பேச்சே இல்லை, வேகமாக நடக்கிறவள் மூச்சு வாங்குவது மட்டும் எஞ்சினுக்குள் கேட்டது, கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள், அழுதாளா சளியா என்று தெரியவில்லை. மிஷின் சூடு கையுறையைத் தாண்டி வந்தது. மொட்டைப்பனைக்குப் பக்கத்தில் இருந்தது பெரிய மரம், பாதி அறுக்கும்போதே எஞ்சின் இழுத்தது, விரலை எடுத்தேன்.

சொன்னாள். முழுசாகச் சொன்னாள், ஹாரன் இல்லாமல், காற்று இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக. அவள் சொல்லி முடித்ததும், தூரத்திலிருந்து ஒரு கீச்சுக் குரல், "சரிக்கா," என்றது. என் குரல் அப்போது அப்படி இருந்திருக்கிறது. பிறகு உள்ளே இரும்பு இரும்போடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான், மிஷின் நின்றுவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன், கல்லில் கட்டிய கயிறு மாதிரி அசையவே இல்லை.

சீனிப்பாய் என்னைத் திட்டவில்லை. துணியில் சுற்றிய பில்டரை எடுத்துத் தூசியைத் தட்டிப் பையில் போட்டுக்கொண்டார். மிச்சம் இருந்த மரத்தை ஊரார் கோடரியாலும் அரிவாளாலும் இரண்டு நாள் விடாமல் வெட்டி முடித்தார்கள், என்னோடு பேசாமல் வெட்டினார்கள், நானும் பேசாமல் வெட்டினேன். மூன்றாம் நாள் மடை திறந்தார்கள். தண்ணீர் புழுதிக்குள் நுரைத்துக்கொண்டு நுழைந்தது, பாதிக்கல்லைச் சுற்றி வளைத்தது, அதற்கு அங்கிட்டு மொட்டைப்பனை வரைக்கும் போய் எல்லாவற்றையும் சேறாக்கியது. தண்ணீருக்குள் நின்று குலவை போட்டார்கள். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னைக்குக் கரையில நின்னு எனக்குச் சரியாக் கேக்கல," என்றாள். "என்னடா சொன்னா?"

"அம்மா—"

"என்ன சொன்னான்னு கேட்டேன்."

சொன்னேன். மார்க் சீட்டு அப்பா பெட்டியில இருக்கு, பெட்டிச் சாவி அம்மா குங்கும டப்பாவுக்குள்ள இருக்கு, எடுத்துக்கிட்டு நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்கு ரோட்டுக்கு வா, நான் இடதுபக்கச் சன்னல்ல உக்காந்திருப்பேன், எறங்க மாட்டேன், நீ கையில குடுத்தாப் போதும், மறந்துறாதடா, அது இல்லாம என்னயச் சேக்க மாட்டாக.

அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்தச் சாவி இன்னும் அதுலதான்டா கெடக்கு," என்றாள்.

அவள் போன மறுநாள் மத்தியான பஸ் எங்கள் நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பாதிக்கல்லின் மேல் உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றுகொண்டிருந்தேன். இடதுபக்கச் சன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு வா வா என்று ஆட்டியது, முகம் தெரியவில்லை. யாரோ யாருக்கோ கை காட்டுகிறார்கள் என்று நினைத்து, சும்மா இருக்க முடியாமல், நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.